பழைய பென்டியத்துக்கு யுஎஸ்பி: கார்டு வாங்கும் முன் போர்டைப் பாருங்கள்

பாத்திரக்கடை அண்ணாச்சி பில் போடுவது இன்னும் பென்டியம் எம்எம்எக்ஸ் 233-இல்தான். விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன், அதில் ஒரு ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம். "மெஷினை மாத்தச் சொல்லாதீங்க தம்பி, கணக்கைப் பென்டிரைவுல எடுக்க மட்டும் வழி பண்ணுங்க" என்றார். கணக்கு மொத்தம் 30 எம்பி. ஃபிளாப்பியில் எடுக்க 21 வேண்டும். அவரிடம் உருப்படியாக இருப்பதோ மூன்று.

இதற்கென்று உடனே யுஎஸ்பி போர்ட் உள்ள பிசிஐ கார்டு (போர்டின் ஸ்லாட்டில் செருகும் அட்டை) வாங்கக் கிளம்பாதீர்கள். மூடியைக் கழற்றி, தூசியை ஊதிவிட்டு, மதர்போர்டைப் பாருங்கள். இன்டெல் 430டிஎக்ஸ், 440பிஎக்ஸ் சிப்செட்டுகளில் (போர்டை இயக்கும் முக்கிய சிப்கள்) யுஎஸ்பி உள்ளேயே இருக்கிறது. ஏடி என்ற பழைய வகை போர்டில் பின்பக்கம் போர்ட்தான் இருக்காது. நாலு நாலாக இரண்டு வரிசை பின் (ஊசி போன்ற கம்பி) போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் யுஎஸ்பி என்று போட்டிருக்கும். அதில் செருகும் ஒயர் வைத்த பிராக்கெட் பழைய சாமான் கடையில் கிடைக்கும். வேகம் விநாடிக்கு 12 மெகாபிட்தான். 30 எம்பிக்கு ஒரு நிமிஷம் ஆகும், ஆகட்டுமே.

இங்கேதான் நான் சூடு பட்டேன். பிராக்கெட்டை மாட்டி முதல் போர்ட்டில் மவுஸ் போட்டேன், ஓடியது. அந்தத் தைரியத்தில் இரண்டாவதில் பென்டிரைவைச் செருகினேன். நாலே விநாடியில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. அந்த போர்டில் இரண்டாவது வரிசை தலைகீழ்: முதல் வரிசையில் 5 வோல்ட் இருக்கும் முனையில், இதில் கிரவுண்ட். எல்லா போர்டும் இப்படி இல்லை. அதனால்தான் அளக்காமல் மாட்டக்கூடாது.

பவரை அணைத்து, மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனை கேபினெட் தகட்டில், மறுமுனை ஒவ்வொரு பின்னிலும். பீப் அடிப்பது கிரவுண்ட். அடுத்து மெஷினை ஆன் செய்து, டிசி 20 வோல்ட்டில் அளந்தால் 5 காட்டுவது பவர். வோல்ட்டை மட்டும் பார்த்து கிரவுண்டை முடிவு செய்யாதீர்கள். டேட்டா பின்களும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். மறுபடி அணைத்துவிட்டு, சிவப்பு ஒயரைப் பவருக்கும் கறுப்பைக் கிரவுண்டுக்கும், வெள்ளை, பச்சையை நடு இரண்டுக்கும் கொடுங்கள். வரிசை மாறியிருந்தால் கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கைக் குண்டூசியால் தூக்கி ஒயரை உருவி மாற்றலாம். வெள்ளையும் பச்சையும் இடம் மாறினால் எதுவும் எரியாது, பென்டிரைவைத்தான் கண்டுகொள்ளாது.

பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டப் திரை) யுஎஸ்பி கன்ட்ரோலரையும், அது பிராசஸரை அழைக்கும் லைனான ஐஆர்க்யூவையும் எனேபிள் செய்யுங்கள்.

போர்டில் அந்த யுஎஸ்பி பின்களே இல்லையென்றால்தான் கார்டு. நெக் (NEC) அல்லது வியா (VIA) கம்பெனி சிப் உள்ள யுஎஸ்பி 2.0 கார்டு, 98-க்கு டிரைவர் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளை பிசிஐ ஸ்லாட்டில் செருகி ஸ்குரூ போட்டால் சரி. ஏடி பவர் சப்ளையில் 3.3 வோல்ட் கிடையாது. ஸ்லாட்டிலிருந்து அதை எதிர்பார்க்கும் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் காசைக் கொடுங்கள்.

விண்டோஸ் 98 பென்டிரைவைத் தானாக அறியாது. என்யுஎஸ்பி என்ற பொது டிரைவரை சிடியில் எழுதிக் கொண்டுபோங்கள். டிரைவர் போட அதே பென்டிரைவையே எடுத்துப் போய் நின்றவன் நான். முதலில் விண்டோஸ் சிடியிலுள்ள வின்98 ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்துவிடுங்கள், நடுவில் சிடி கேட்டுத் தொந்தரவு செய்யாது. சேஃப் மோடில், டிவைஸ் மேனேஜரில் பழைய யுஎஸ்பி டிரைவர்களை நீக்கிவிட்டு என்யுஎஸ்பியைப் போடுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கட்டும். 4 அல்லது 8 ஜிபி தாராளம்.

அண்ணாச்சி தினமும் இரவு கல்லாவைப் பூட்டும்போது பென்டிரைவைப் பிடுங்கி சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். மூலையிலுள்ள ஐகானை அழுத்தி நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். "சரி தம்பி" என்கிறார்.