துப்பாக்கி இருக்கும் வீட்டில் குழந்தைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கோடை விடுமுறைக்கு மன்னார்குடிப் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் எல்லோரும் ரேழியில் கண்ணயர்ந்திருந்த நேரம். என் ஐந்து வயது மகன் தன்னைவிட நீளமான ஒரு இரும்புக் கம்பியை இழுத்துக்கொண்டு வந்து, "இது என்னப்பா?" என்றான். நாட்டுத் துப்பாக்கியில் வெடிமருந்து கெட்டிக்கும் கம்பி அது. முக்காலியைப் பீரோ ஓரமாக நகர்த்தி, அதன்மேல் ஏறி, பீரோவுக்கு மேலே பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்த துப்பாக்கியிலிருந்து உருவி எடுத்திருக்கிறான்.

"பயப்படாதடா, அது காலித் துப்பாக்கி. வருஷக்கணக்கா யாரும் தொட்டதே இல்ல" என்றார் சித்தப்பா. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கியது. எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் கேட்கவும் சித்தப்பா அந்தக் கம்பியைக் குழலுக்குள் போகிறவரை விட்டு, வாய்ப்பக்கம் விரலால் அடையாளம் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். குழலின் மேலேயே வைத்து அளந்து பார்த்தால், பின்முனையில் கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடிமூடி) வைக்கிற இடத்துக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே கம்பி நின்றுவிட்டது. உள்ளே மருந்தும் ரவையும் கெட்டித்தபடியே இருந்தன. சித்தப்பா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். விவரம் தெரிந்த ஒருவரை வரவழைத்து அதை எடுக்கும்வரை பிள்ளைகளைத் தெருவிலேயே வைத்திருந்தோம்.

"காலியாகத்தான் இருக்கும்" என்ற நினைப்புதான் முதல் தவறு. தோட்டா போடும் துப்பாக்கியையாவது மடக்கித் திறந்தால் உள்ளே இருப்பது தெரியும். வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கியில் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருக்கிற துப்பாக்கியாகவே பாவிக்க வேண்டும்.

அடுத்தது உயரத்தை நம்புவது. பரண், பீரோவின் மேல்தட்டு, சாமி அறை ஆணி எல்லாம் பெரியவர்களுக்குத்தான் மறைவிடம். முறுக்கு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குத் துப்பாக்கி இருக்கும் இடமும் தெரியும். பூட்டிய இரும்புப் பெட்டிதான் வேண்டும். தோட்டா, கரிமருந்து, கேப்பு எல்லாவற்றையும் வேறு ஒரு பெட்டியில் தனியாகப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்து ஆணியிலேயே மாட்டினால் பூட்டியதற்கே அர்த்தமில்லை. சாவி உரிமம் வைத்திருப்பவரின் இடுப்பில் இருக்கட்டும்.

"அவ்வளவு சின்னக் கையால் விசையை இழுக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சில துப்பாக்கிகளின் விசையை மூன்று வயதுக் குழந்தையாலேயே இழுத்துவிட முடியும். ஆள்காட்டி விரலுக்கு வலு போதாதபோது குழந்தை துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தும். அப்போது குழல் அதன் முகத்தைப் பார்த்தபடி இருக்கும்.

எனக்கு மிகவும் பயமாகத் தெரிவது இன்னொரு நம்பிக்கை: "சொல்லி வளர்த்திருக்கிறேன், என் பிள்ளை தொடமாட்டான்." 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 8 முதல் 12 வயதுவரை உள்ள பையன்களை ஓர் அறையில் விட்டு, இழுப்பறைக்குள் சுடமுடியாதபடி செய்த கைத்துப்பாக்கி ஒன்றை வைத்தார்கள். அதைக் கண்டெடுத்த குழுக்களில் பெரும்பாலானவை கையில் எடுத்தன. ஏறக்குறைய பாதிக் குழுக்களில் யாராவது ஒருவன் விசையையும் இழுத்தான். தொட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே துப்பாக்கி பற்றி எச்சரிக்கப்பட்டவர்கள். நிஜமா பொம்மையா என்று தெரியாமல் எடுத்த பையன்களும் இருந்தார்கள். பத்து வயதுப் பையனுக்கே இப்படி என்றால் ஐந்து வயதுக் குழந்தையிடம் என்ன எதிர்பார்ப்பது? சொல்லத்தான் வேண்டும்: தொடாதே, அங்கிருந்து தள்ளிப் போ, உடனே பெரியவரிடம் வந்து சொல். ஆனால் அந்தச் சொல்லை நம்பிப் பெட்டியைத் திறந்து வைக்கக் கூடாது. வந்து சொல்லும் பிள்ளையை அடிக்கவும் கூடாது. அடித்தால் அடுத்த முறை சொல்லாது.

தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கிறோம். அப்பா நெஞ்சைக் குறிபார்த்து "டப்" என்றதும் நாமும் செத்த மாதிரி விழுந்து சிரிக்க வைக்கிறோம். குழந்தைக்கு அது பயிற்சி. விளையாட்டாக இருந்தாலும் ஆளைப் பார்த்து நீட்டக் கூடாது என்பதை அன்றைக்கே சொல்லிவிடலாம்.

காற்றழுத்தத்தால் சுடும் ஏர்கன் விஷயத்தில் நம் பக்கத்து வீடுகளில் அலட்சியம் அதிகம். குறைந்த ஆற்றல் உள்ளவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அதைப் பொம்மைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அறுப்பு முடிந்த வயலில் மடையான், கொக்கு சுடப் போகும் அண்ணனுக்குப் பின்னால் குட்டித் தம்பியும் ஓடுகிறான். அந்தப் பறவைகளைச் சுடுவதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏர்கன்னில் இருந்து வரும் ஈய ரவை கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். மிக அருகில் இருந்து பட்டால் உயிரே போகலாம். ஏர்கன்னையும் அதே பெட்டியில் பூட்டுங்கள்.

அப்புறம், தாத்தா காலமான பிறகு பரணில் கிடக்கும் துப்பாக்கி. உரிமம் அவர் பெயரில் இருந்தது. அவரோடு அது முடிந்தது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி வாரிசுகள் அதைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். நினைவுப் பொருளாகக் கூடத்துச் சுவரில் மாட்டி வைக்கக் கூடாது. தேர்தல் சமயத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வரும் நாளிலும் கவனம் தேவை. பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள், யாராவது ஒருவர் "பிடிச்சுக்கோ, போட்டோ எடுக்கறேன்" என்பார்.

இதில் எல்லாம் பெற்றோர் மறந்துபோவது உறவினர் வீடு. நம் வீட்டில் துப்பாக்கியே இருக்காது. லீவுக்குப் போகிற தாத்தா வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ இருக்கும். அங்கே சின்னப் பிள்ளைகள் இல்லாததால் எதையும் ஒதுக்கி வைக்கும் பழக்கமும் இருக்காது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நாமும் கேட்பதில்லை. நாய் கட்டியிருக்கிறதா, கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று கேட்பதில்லையா? அதோடு சேர்த்து இதையும் கேட்டுவிடலாம்.

சித்தப்பா இப்போது இரும்புப் பெட்டி வாங்கிவிட்டார். இந்த வருடம் கிளம்புவதற்கு முதல் நாள் போன் செய்து, "சித்தப்பா, பூட்டியிருக்கீங்களா?" என்று கேட்டேன். "சாவி அரைஞாண்ல தொங்குதுடா, நீ பிள்ளைய அழைச்சிட்டு வா" என்றார்.