கெரிஸ் வாளைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் பேணுவதும்

ஜாவாவிலும் பாலியிலும் மலாய்த் தீபகற்பத்திலும் வீரனின் இடுப்பில் இருந்த குத்துவாளுக்குக் கெரிஸ் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியில் இருந்த போர்த்துக்கீசியரான தொமே பிரெஸ், ஜாவாவில் ஏழை பணக்காரன் என்ற வேறுபாடின்றி ஒவ்வோர் ஆணும் வீட்டில் கெரிஸ் வைத்திருப்பதாக எழுதியுள்ளார். இந்தோனேசியக் கெரிஸை யுனெஸ்கோ 2005இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. பரிசாகவோ பழம்பொருள் கடையிலிருந்தோ பரம்பரைச் சொத்தாகவோ ஒரு கெரிஸ் உங்கள் கைக்கு வந்தால், அதை எப்படி எடுப்பது, எங்கே பார்ப்பது, எப்படிக் காப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கெரிஸைப் பெறும்போது இரு கைகளாலும் பெறுங்கள். ஜாவா வழக்கப்படி அதை நெற்றிவரை உயர்த்திய பிறகே உருவுவார்கள். பிடியைப் பற்றி வேகமாக இழுக்கக் கூடாது. ஜாவானியக் கெரிஸ்களில் அலகின் வால்பகுதி நூலோ துணியோ சுற்றப்பட்டுப் பிடிக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்குமே தவிர, ஆணி அடித்துப் பொருத்தப்பட்டிருக்காது. ஆகவே இழுத்தால் பிடி மட்டும் கையோடு வந்துவிடலாம். உறையை இடக்கையில் கிடைமட்டமாகப் பிடித்து, உறைவாயில் இருக்கும் இடக்கைக் கட்டைவிரலால் பிடியின் அடிப்பகுதியை மெல்ல உந்தி, அலகு சற்றுத் தளர்ந்தபின் உறையை அலகிலிருந்து விலக்குங்கள். அலகின் விளிம்பு மரத்தில் உரசாமல் வர வேண்டும். உருவிய அலகை வெறும் விரலால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு ஒரே வாரத்தில் அங்கே துருப்புள்ளியாக நின்றுவிடும்.

முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். புதியவர்கள் எல்லோரும் வளைவுகளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஆனால் ஒரு கெரிஸைக் கெரிஸ் ஆக்குவது பிடியை ஒட்டியுள்ள அந்தக் கையகல இரும்புதான். அங்கே அலகு ஒருபுறம் நீண்டு கூர்ந்தும் மறுபுறம் குறுகித் தடித்தும், இருபுறமும் ஒத்துவராமல் அகன்றிருக்கும். தடித்த பக்கத்தைக் கண்டிக் என்பார்கள். பல கெரிஸ்களில் அதன்மேல் சிறு யானைத் துதிக்கை போன்ற ஒரு சுருள் வெட்டப்பட்டிருக்கும். மலாய்க்காரர்கள் அதை யானைத்துதிக்கை என்றே சொல்வார்கள், ஜாவானியர்களோ பயற்றம்பூ என்கிறார்கள். அடியில் தனித் துண்டாகப் பொருத்தப்பட்ட குறுக்கு இரும்புக்குக் கொன்ஜோ என்று பெயர். அது அலகோடு சேரும் கோடு, நல்ல வேலைப்பாட்டில், ஒரு மயிரிழையாகத் தெரியும். அலகு பிடியின் நேர்க்கோட்டில் நில்லாமல் சற்றுச் சாய்ந்து முன்னோக்கி இருப்பதையும் கவனியுங்கள். அடியில் இரு பக்கமும் ஒத்து, சாய்வின்றி நிமிர்ந்து நிற்கும் அலகைக் கண்டால் அது பெரும்பாலும் சுற்றுலாக் கடைப் பொருளாகவே இருக்கும்.

அடுத்தது வளைவு. வளைவுக்கு லுக் என்று பெயர். நேரான கெரிஸ்களும் ஏராளம், அவை சிறப்பில் குறைந்தவை அல்ல. கண்டிக்குக்குச் சற்று மேலே வரும் முதல் வளைவில் தொடங்கி, வலமும் இடமுமாக மாறிமாறி நுனிவரை எண்ணுங்கள். தொடங்கிய பக்கத்திலேயே முடிய வேண்டும் என்பதால் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக வரும்: 3, 5, 7 என்று 13 வரை வழக்கமானவை, அதற்கு மேல் அரியவை. இரட்டைப்படையாக வந்தால் மறுபடி எண்ணுங்கள். பிழை உங்கள் எண்ணிக்கையில்தான் இருக்கும்.

அலகின் மேற்பரப்பில் தெரியும் வரிக்கோலமான பாமோர்தான் இந்தக் கலையின் உயிர் என்பது என் எண்ணம். எம்பு எனப்படும் கொல்லர், இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடிக்கிறார். நடுவில் எஃகுத் தகடு ஒன்றை வைத்து இருபுறமும் அந்த அடுக்குகளைப் பொருத்துகிறார். அடுக்குகள் வெட்டுப்படும் இடங்களில் வரிகள் எழுகின்றன. சிந்திய அரிசிமணிகள் போல் இறைந்து கிடப்பது பெராஸ் வுத்தா. வட்டத்துக்குள் வட்டமாகத் துளித்துளியாய் விழுவது உடான் மாஸ், அதாவது பொன்மழை. மத்திய ஜாவாவின் பிரம்பனான் பகுதியில் விழுந்த விண்கல்லிலிருந்து எடுத்த நிக்கலைச் சுரகார்த்தா அரண்மனைக் கொல்லர்கள் பாமோருக்குப் பயன்படுத்தினர்; அந்தக் கல்லின் ஒரு பகுதி இன்றும் அரண்மனையில் உள்ளது.

பாமோரைப் பார்க்க, அலகை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி பிடியுங்கள். நிக்கல் வரிகள் அமிலத்துக்கு எளிதில் கரைவதில்லை. அதனால் சுற்றியுள்ள இரும்பு அரிக்கப்பட்ட பிறகு அவை வெள்ளியாகச் சற்றே மேலெழுந்து நிற்கும். ஓரத்தை நெருங்கும்போது வரிகள் முடிந்து, நடு எஃகு ஒரு கருங்கோடாக வெளிப்படும். அமிலத்தால் மேலே வரைந்து வைத்த போலி வரியில் இந்த மேடுபள்ளமும் இருக்காது, ஓரத்தின் கருங்கோடும் இருக்காது.

இந்தத் தொழிலை ஜாவானியர்கள் எவ்வளவு உயர்வாக நினைத்தார்கள் என்பதை லாவு மலைச்சரிவில் உள்ள 15ஆம் நூற்றாண்டுச் சுக்கு கோயிலின் சிற்பத்தில் காணலாம். ஒருபுறம் வீமன் உலைக்களத்தில் அலகு செய்கிறான், மறுபுறம் அருச்சுனன் துருத்தி இயக்குகிறான், நடுவே பிள்ளையார் ஆடுகிறார். ஆயுத பூஜை கண்டு வளர்ந்தவர்கள் அந்தக் கல்லின் முன் நின்றால் விளக்கம் கேட்க வேண்டியிருக்காது.

இனித் துப்புரவு. பினாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தாத்தா விட்டுச் சென்ற கெரிஸைப் பேரன் ஆசையோடு இரும்பு நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டான். அந்தப் பளபளப்பைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. கரிய இரும்பும் வெள்ளி வரியும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. கெரிஸ் மின்னக் கூடாது. உப்புத்தாள், இரும்பு நார், பித்தளை மெருகுக் குழம்பு எதையும் அதன் அருகே கொண்டுவராதீர்கள். செந்துரு தெரிந்தால் மட்டும், பழுத்த எலுமிச்சைச் சாற்றை மென்மையான தூரிகையில் தொட்டு, அடியிலிருந்து நுனி நோக்கிச் சிறிது நேரம் தேய்த்து, துரு கரைந்தவுடன் நிறையத் தண்ணீரில் அலசுங்கள். ஜாவாவில் இதன்பின் பூந்திக்கொட்டை இனத்தைச் சேர்ந்த லெராக் காயின் நுரையால் கழுவி அமிலத்தை முழுவதும் நீக்குவார்கள். நம் வீட்டுப் பூந்திக்கொட்டையே அதற்குப் போதும். பருத்தித் துணியால் ஒற்றி, பிடியின் இடுக்குகள் உட்பட முழுமையாகக் காயவிடுங்கள். ஜாவா நாட்காட்டியின் முதல் மாதமான சுரோவில் ஆண்டுதோறும் கழுவும் ஜாவா வழக்கம் மதிப்புக்குரியது. ஆனால் நூற்றாண்டுகளாக அமிலம் பட்டுப்பட்டு எத்தனையோ பழைய அலகுகள் ஓரம் அரிக்கப்பட்டுத் தகடாகத் தேய்ந்திருப்பதால், துரு இல்லாத ஆண்டில் எண்ணெய் மட்டும் இட்டால் போதும் என்றே நான் சொல்வேன்.

கழுவியபின் வரிகள் மங்கியிருந்தால் அவற்றைத் திரும்ப எழுப்புவது வாராங்கன் பூச்சு. எலுமிச்சைச் சாற்றில் கலந்த ஆர்செனிக் தாது அது. மனோசிலை, தாளகம் என்று நாம் அறிந்த பாஷாணங்களின் இனம். இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளியாகவே நிற்கும். இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நஞ்சு ஏறும், கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய அலகில் அந்தப் பூச்சின் எச்சம் இருக்கலாம் என்பதால் கையாண்டபின் கையைச் சோப்பால் கழுவுங்கள், குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

எண்ணெய் இடும்போது மெல்லிய கனிம எண்ணெயில் சில துளி சந்தன எண்ணெய் கலந்து, துணியில் தொட்டு, அலகு நனைந்து சொட்டாத அளவில் ஒரு படலமாகப் பூசுங்கள். சொட்டச் சொட்டப் பூசினால் எண்ணெய் மர உறையின் அடியில் தேங்கி, மரம் ஊறிக் கருகி, பின்பு அலகையே பற்றிக்கொள்ளும். உறையில் இட்டதும் காற்றோட்டமான அலமாரியில், பருத்தித் துணிப்பை ஒன்றுக்குள் படுத்த நிலையில் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை உருவிப் பாருங்கள். நுனியிலும் கொன்ஜோவின் அடிக்கோட்டிலும்தான் துரு முதலில் தலைகாட்டும்.