பால்சா மரத்தில் வில்லிஸ் டவர்: 1:1000 மாதிரி செய்முறை

முதன்முதலாக வானளாவி மாதிரி செய்பவர்களுக்குச் சிகாகோவின் வில்லிஸ் டவர்தான் தோது. 2009 வரை சியர்ஸ் டவர் என்றிருந்த இந்த 110 மாடிக் கட்டடத்தில் வளைவும் இல்லை, சரிவும் இல்லை. பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானின் யோசனைப்படி ஒன்பது சதுரக் குழாய்கள் ஒரே கட்டாக நின்று, வெவ்வேறு உயரத்தில் முடிகின்றன. நாமும் ஒன்பது குழல் செய்து ஒட்டினால் வேலை முடிந்தது. 1:1000 அளவில் நிஜத்தின் ஒரு மீட்டர் நமக்கு ஒரு மி.மீ. கட்டடம் 442 மி.மீ., குழல் 23 மி.மீ. சதுரம், மாடிக்கு 4 மி.மீ.

வாங்க வேண்டியவை

1.5 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளமுள்ள பால்சா ஷீட் 5 (நான்கு போதும், ஒன்று கைகாவல்). ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், கத்திக்குப் புது பிளேடுகள், ஃபெவிகால், மாஸ்கிங் டேப், 320, 400 நம்பர் உப்புத்தாள், சாண்டிங் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு), கரும்சாம்பல் ஸ்ப்ரே, கறுப்பு பெயின்ட், மூங்கில் குச்சி, அடிப்பலகை.

ஷீட்டின் முனையைக் கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். முறுக்கியிருந்தால் வாங்காதீர்கள். ஒட்டும்போது நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நினைப்பது வீண்.

1. உயரங்கள்

மேலிருந்து பார்க்கும்போது (மி.மீ.):

வடமேற்கு 200 – வடக்கு 360 – வடகிழக்கு 264
மேற்கு 442 – நடு 442 – கிழக்கு 360
தென்மேற்கு 264 – தெற்கு 360 – தென்கிழக்கு 200

ஒரு ஷீட்டில் 442 இரண்டு, அடுத்ததில் 360, 264, 264, மூன்றாவதில் 360 இரண்டு, நான்காவதில் 200 இரண்டு. மிச்சம், குழலுக்குள் நிறுத்தும் சதுரச் சில்லுகளுக்கு.

2. கோடு, பிறகு வெட்டு

ஷீட்டை இந்த நீளங்களுக்குத் துண்டாக்கியதும், பட்டைகளாக வெட்டும் முன்பே மாடிக் கோடுகளைப் போட்டுவிடுங்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அடியிலிருந்து 4 மி.மீ.க்கு ஒரு கோடு அழுத்தி இழுத்தால், நான்கு பக்கமும் கோடு தானாகச் சேரும். தனித்தனிப் பட்டையில் போட்டால் மூலைக்கு மூலை விலகும்.

பிறகு ஒவ்வொரு துண்டிலும் 23, 23, 20, 20 மி.மீ. பட்டைகள், இதே வரிசையில். எதிரெதிர்ப் பக்கங்கள் அடுத்தடுத்த மரமாக அமைவதற்குத்தான் இந்த வரிசை. ஒரு பக்கம் கெட்டியும் மறுபக்கம் மெத்தென்றும் இருந்தால் குழல் வில்லாக வளைந்துவிடும். பிளேடு மரநார் போகிற போக்கில் ஓடப் பார்க்கும். வேண்டிய பட்டையை ஸ்கேலுக்கு அடியில் வைத்தால், வழுக்கினாலும் வெட்டு கழிவுப் பக்கம்தான் போகும். நாலைந்து முறை லேசாக இழுங்கள். மழுங்கிய பிளேடு குறுக்கு வெட்டில் மரத்தை நசுக்கிவிடும்.

3. குழல்

20 மி.மீ. சதுரச் சில்லுகள் சுமார் 45 வெட்டுங்கள். ஒரு 23 பட்டையின் இரு முனைகளிலும், இடையில் ஏறத்தாழ 100 மி.மீ.க்கு ஒன்றாகவும் சில்லை நிறுத்தி, இரு பக்கமும் 20 பட்டை, மேலே இன்னொரு 23 பட்டை. பல்குச்சியால் மெல்லிய கோடாகப் பசை. டேப் சுற்றி, காயும் முன் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். 442 குழல்களில் உச்சிச் சில்லுக்கு 12 மி.மீ. கீழே இன்னொரு சில்லு வேண்டும், ஆன்டெனாவுக்காக.

4. கட்டு

ஒவ்வொரு குழலின் அடியிலும் திசையை எழுதுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி பிம்பம்போல் இடம் மாறிவிடும். நடுக்குழலோடு நான்கு திசைக் குழல்கள், கடைசியில் மூலைகள். பசையை முகம் முழுக்கப் பூசினால் ஃபெவிகாலின் ஈரத்தில் மரம் உப்பும். புள்ளி புள்ளியாக வைத்தால் போதும்.

5. வண்ணம்

முதல்முறை சீலர் பூசியதும் மரம் ரோமம் எழும்பி நிற்கும். அது இயல்புதான். 400 தாளால் தடவிவிட்டு இரண்டாவது கோட். சாம்பல் ஸ்ப்ரே இரண்டு மெல்லிய கோட்; தடித்தால் மாடிக் கோடுகள் மூடிவிடும். இயந்திர மாடிகளின் கறுப்புப் பட்டைகள் 112–128, 252–260, 348–356, 412–432 மி.மீ. உயரங்களில், டேப் ஒட்டிப் பூசுங்கள்.

6. ஆன்டெனா

உச்சி இரண்டு சில்லுகளையும் ஊசியால் நேராகத் துளைத்து, 1 மி.மீ.க்குத் தேய்த்த மூங்கில் குச்சியைச் செருகுங்கள். மேற்குக் குச்சி கூரைக்கு மேல் 85 மி.மீ., நடுக்குழலின் குச்சி சற்றுக் குட்டை.