வீடியோ நின்று நின்று ஓடினால் முதலில் இதைப் பாருங்கள்

திருவையாறு ஆராதனையை நேரலையில் பார்க்க அம்மா ஆசையாக உட்கார்ந்திருக்க, கோஷ்டிகானம் களைகட்டுகிற நேரத்தில் படம் நின்று வட்டம் சுற்றினால் மனசு கேட்காது. அதற்காக உடனே பெரிய பிளானுக்கு மாறிவிடாதீர்கள். ரவுட்டர் பக்கத்தில் போனை வைத்து ஒரு ஸ்பீடு டெஸ்ட், அப்புறம் டிவி பக்கத்தில் நின்று இன்னொன்று. எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (Mbps, இணைய வேகத்தின் அளவு) நிலையாக வந்தாலே போதும். ரவுட்டர் அருகிலேயே அது வரவில்லையென்றால் இணைப்புக் கொடுத்தவரிடம் புகார் சொல்லுங்கள். அருகில் 40 வந்து டிவி பக்கம் 3தான் வருகிறது என்றால், கோளாறு வீட்டுக்குள்.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. திண்ணையை ஒட்டிய அறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டர். டிவியோ இரண்டு கனத்த சுவர்களைத் தாண்டிக் கூடத்தில். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் வைஃபை வேகமானதுதான், ஆனால் இப்படிப்பட்ட சுவரைத் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தாண்டும், வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வைஃபையும் அதிலேயே நெருக்கும். பீரோவை விட்டு விலக்கி, நிலைவாசலுக்கு நேராக ஆள் உயரத்தில் ரவுட்டரை மாட்டியதுமே பாதி சரியாயிற்று. மீதிக்கு ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளைச் சுவரோரமாக இழுத்து டிவியிலேயே செருகிவிட்டோம். என்னைக் கேட்டால் கேபிள்தான் நிரந்தரத் தீர்வு.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS, சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் மட்டும் இதெல்லாம் வேண்டாம், பெரும்பாலும் வெளியே லைனில்தான் பிரச்சினை, நேராகப் புகார் கொடுங்கள்.