முதிய ஆமையைத் தத்தெடுப்போர் செய்யும் தவறுகள்

பிரிட்டனில் வளர்ப்பு ஆமைகளுக்குப் புதிய வீடு தேடித் தரும் பணியில் பல ஆண்டுகளாக உதவி வருகிறேன். இங்கே கைமாறும் முதிய ஆமைகளில் பல, மத்தியதரைக்கடல் ஆமைகளின் வணிக இறக்குமதி 1984இல் நிறுத்தப்படுவதற்கு முன்பு மொராக்கோ, துருக்கி, யூகோஸ்லாவியா போன்ற நாடுகளிலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்கியவை. வளர்த்தவர் காலமாகிவிடுவார், அல்லது முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவார். ஆமை மிஞ்சி நிற்கும். விளக்கு வைக்காதது, கூண்டு சிறியதாக இருப்பது போன்றவற்றை எந்தக் கையேடும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, தொடக்கத்தில் நானும் செய்து, இன்று புதியவர்களும் அப்படியே செய்கிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இந்திய நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஓட்டின் வளையங்களை எண்ணுவது

வளையங்கள் வயதைச் சரியாகக் காட்டுவதில்லை. நன்றாகத் தின்று வளர்ந்த ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்டவை தோன்றலாம். முதிய ஆமையின் ஓட்டிலோ அவை தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். அந்தக் குடும்பத்தின் பழைய புகைப்படங்களில் ஆமை தென்படுகிறதா என்று கேட்டுப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது.

துணைக்கு இன்னோர் ஆமை

தத்தெடுக்க வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் சொல் 'பாவம்' என்பதாகும். இத்தனை ஆண்டுகள் ஒற்றையாகவே கிடந்திருக்கிறதே, எங்கள் வீட்டு ஆமைகளோடு விட்டால் மகிழ்ச்சியாக இருக்குமே என்பார்கள். நில ஆமை காட்டிலேயே தனித்து மேய்ந்து தனித்து உறங்கும் பிராணி. எதிரே வரும் இன்னோர் ஆமையை அது இணையாகவோ இடத்தைப் பறிக்க வந்த எதிரியாகவோதான் நடத்தும். ஆண் ஆமை பெண்ணின் கால்களைக் கடித்தும் ஓட்டின்மீது மோதியும் விடாமல் துரத்தும். அரை நூற்றாண்டைக் கடந்து நடை தளர்ந்த ஒரு பெண் ஆமைக்கு வேலி கட்டிய தோட்டத்தில் ஓடி ஒளிய இடமிருக்காது.

அடிதடியாவது கண்ணில் படும், பிரித்துவிடலாம். எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது, கண்ணில் படாமல் வந்து சேரும் நோய். ஆமைகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் ஒருமுறை உடலில் புகுந்தால் வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கக்கூடியது. இடமாற்றம் போன்ற அலைச்சலின்போது மீண்டும் தலைதூக்கும். கிரேக்க ஆமை எனப்படும் வகை இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஹெர்மன் ஆமையும் ஹார்ஸ்ஃபீல்டு ஆமையும் அவ்வாறு தாங்குவதில்லை. நாக்கிலும் வாயிலும் வெண்மஞ்சள் படலம் படர்ந்து, எச்சில் வழிந்து, உண்ண முடியாமல் மடிந்துபோகும். ஓயாத மூக்கொழுகலை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமியும் இப்படித்தான், பார்வைக்கு நலமாக இருக்கும் ஆமையின் உடலிலேயே தங்கியிருந்து பரவும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினர், இறந்துபோன உறவினரின் கிரேக்க ஆமையை எடுத்துக்கொண்டார்கள். தனியே வையுங்கள் என்று ஒப்படைக்கும்போதே சொல்லியிருந்தோம். தோட்டத்தின் நடுவே ஒரு பலகையை நிறுத்திவிட்டு, தனியாகத்தான் வைத்திருக்கிறோம் என்றார்கள். தண்ணீர்த் தட்டு ஒன்றுதான். காலையில் யார் கையில் எது அகப்பட்டதோ அதைக் கொண்டே இருபுறமும் கூட்டினார்கள். குழந்தைகளைப்போல் வளர்த்த அவர்களுடைய ஹெர்மன் ஆமைகள் அந்தக் கோடையிலேயே நோயில் விழுந்தன, ஒன்றும் பிழைக்கவில்லை. மருத்துவச் செலவு தனி. நோயைக் கொண்டுவந்த முதிய ஆமை மட்டும் கீரையைத் தின்றுகொண்டு நலமாக இருந்தது. அதன்மேல் அவர்களுக்கு வந்த வெறுப்பில் அதைத் திருப்பி அனுப்பவும் செய்தார்கள். ஆமை செய்த குற்றம் என்ன என்று நான் கேட்டதற்கு விடை வரவில்லை.

தனியே வைப்பது என்றால் இருப்பிடம், தட்டு, துடைப்பம், காலணி எல்லாமே வேறாக இருக்க வேண்டும். பழைய ஆமைகளுக்கு வேண்டியதைச் செய்து முடித்த பிறகே புதியதிடம் போக வேண்டும். கையைக் கழுவாமல் மீண்டும் பழையவற்றைத் தொடக்கூடாது. குறைந்தது 6 மாதங்கள் இவ்வாறு காக்க வேண்டும் என்பார்கள். ஒரு குளிர்காலமும் கடந்த முழு ஆண்டு என்பது என் கணக்கு. பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்துவிட்டதே என்று வாதிடுவோர் உண்டு. வாயில் எடுக்கும் மாதிரியில், அடங்கிக் கிடக்கும் வைரஸ் அகப்படாமல் போகலாம். இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தோன்றவோ சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே ஒரேயொரு தாளை நம்பிப் பலகையை எடுத்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், அந்த ஆண்டு முடிந்த பின்னும் சேர்த்து வைக்க வேண்டிய தேவையே இல்லை.

முதல் குளிர்காலத்திலேயே உறங்க வைப்பது

இந்த ஆமைகள் குளிர்காலத்தை உண்ணாமல் உறங்கியே கழிப்பவை. 'எங்கள் அப்பா ஆண்டுதோறும் வைக்கோல் பெட்டியில் போட்டு கார் கொட்டகையில் வைப்பார்' என்று பழைய வீட்டார் சொல்வதைக் கேட்டு அப்படியே செய்துவிடுகிறார்கள். கொட்டகையின் வெப்பம் நம் கட்டுப்பாட்டில் இல்லை. உறைநிலைக்குக் கீழே போனால் கண் பார்வையே பறிபோகலாம்; 10 டிகிரியைத் தாண்டினால் ஆமை அரைவிழிப்பில், உடலில் சேர்த்து வைத்த சத்தைக் கரைக்கத் தொடங்கும். 5 டிகிரி அளவில் நிலையாக வைக்கத்தான் பலர் குளிர்சாதனப் பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன் மூன்று நான்கு வாரங்கள் உணவை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் உட்கார வைத்துக் குடலைக் காலியாக்க வேண்டும். இல்லையேல் உள்ளே தங்கிய உணவு அழுகிவிடும்.

எடையையும் ஓட்டின் நீளத்தையும் ஒப்பிடும் ஜாக்சன் அட்டவணையை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. அது கிரேக்க, ஹெர்மன் ஆமைகளுக்காக வகுக்கப்பட்டது. வயிற்றில் முட்டைகளோ சிறுநீர்ப்பையில் கல்லோ இருந்தால் மெலிந்த ஆமைகூட அதில் தேறிவிடும். ஊர்வன பற்றி அறிந்த கால்நடை மருத்துவரிடம் கோடை முடிவதற்குள் காட்டுங்கள். சிறுநீரகத்திலோ ஈரலிலோ ஐயம் இருந்தால் வெப்ப விளக்கும் புற ஊதா விளக்கும் வைத்து அந்த ஆண்டு விழித்திருக்கச் செய்யலாம்.

உணவை ஒரே நாளில் திருத்துவது

அந்தக் காலத்தில் பாலில் ஊறிய ரொட்டியும் நாய் உணவும் கொடுத்தார்கள். இரண்டுமே கேடு, புரதம் மிகுந்த உணவு சிறுநீரகத்துக்குச் சுமை. ஆனால் தக்காளியையும் வெள்ளரியையும் தவிர வேறெதையும் அறியாத ஆமையின் முன்னே திடீரென்று டேன்டேலியன் என்ற களைச்செடியின் இலையை வைத்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வாரக்கணக்கில் பிடிவாதமும் பிடிக்கும். பிடித்ததோடு நறுக்கிக் கலந்து, கலவையை மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

பெயரை நம்புவது

டெவன் மாவட்டத்தின் பவுடர்ஹாம் கோட்டையில் 2004இல் இறந்த, ஏறத்தாழ 160 வயதினதாகக் கருதப்பட்ட டிமத்தி என்ற ஆமை பெண் என்பது 1926இல்தான் தெரியவந்தது. உங்கள் வீட்டுக்கு வரும் ஜார்ஜும் பெண்ணாக இருக்கலாம். ஆண் துணை இல்லாமலும் பெண் ஆமை முட்டையிடும். தோண்டுவதற்கு வெயில் படும் இளமண் கிடைக்காவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். உணவை மறுத்து, பின்னங்கால்களால் தரையைப் பறித்துக்கொண்டு அலைந்தால் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

ஓட்டில் உள்ள துளை

முன்பு கயிறு கட்டப் போட்டது. மீண்டும் கட்டாதீர்கள்.

நாய்

எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் ஆமையோடு தனியே விடக்கூடாது.

சான்றிதழ்

கிரேக்க, ஹெர்மன் ஆமைகளை விற்கச் சான்றிதழ் வேண்டும். அன்பளிப்பாக வாங்கினாலும், சான்றிதழோ மைக்ரோசிப் எண்ணோ இருந்தால் ஆமையோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள், பிறகு தேடினால் வீட்டைக் காலி செய்தவர்கள் எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருப்பார்கள்.