சிப்பர் வாங்கும் முன் பத்துப் பந்து

ஊட்டி வென்லாக் டவுன்ஸ் கோல்ஃப் மைதானத்தில் பல வருடம் ஆட்டக்காரர்களின் பை தூக்கியவன் நான். குழிக்குப் பக்கத்திலிருந்து பந்தைத் தாழ்வாகத் தட்டி உருட்டும் மட்டைதான் சிப்பர். அதை வாங்க ஆசையா? முதலில் இரவல் வாங்கி அடித்துப் பாருங்கள். காலைப் பனி காயட்டும். ஈரப் புல்லில் பந்து உருளும் தூரத்தை நம்ப முடியாது.

கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, இரண்டு கஜம் வெளியே பத்துப் பந்து வையுங்கள். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டையைப் பிடிக்கிற மாதிரியே பிடித்து, எடையை இடது காலில் வைத்து, மணிக்கட்டு மடங்காமல் தோளால் ஆட்டுங்கள். பந்து எங்கே விழுகிறது, அப்புறம் எத்தனை அடி உருள்கிறது என்று நடந்தே அளக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது. நம் மலையில் சரிவு கண்ணை ஏமாற்றும். இறக்கத்திலும் ஐந்து பந்து அடியுங்கள்.

பிறகு அதே இடத்தில் 8 அயர்ன் என்ற வழக்கமான இரும்பு மட்டையால் அடியுங்கள். வித்தியாசம் தெரியவில்லையா, காசு மிச்சம். பங்கர் என்னும் மணல் பள்ளத்துக்குச் சிப்பர் ஆகாது. இரண்டு முகச் சிப்பர் போட்டி விதிக்கு ஒவ்வாது. பையில் 14 கிளப், அதாவது மட்டைதான் வைக்கலாம்; சிப்பரும் அந்தக் கணக்கில் சேரும்.