சோற்றுத் தட்டில் முட்டையைச் சேர்க்கும் முறை

நம் வீட்டு மதியச் சாப்பாட்டில் தட்டின் பெரும்பகுதியைச் சோறே பிடித்துக்கொள்கிறது. குழம்பில் பருப்பு அடியில் தங்கிவிட, பொரியல் ஓர் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி சராசரி எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராமும் பெண்ணுக்கு 46 கிராமும் புரதம் வேண்டும். நடுத்தர அளவு முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. ஆகவே, ஒரு முட்டை சாப்பிட்டதும் அன்றைய புரதக் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணிப் பருப்பையும் பயறையும் தயிரையும் குறைத்துக்கொள்ளக் கூடாது. அதே நேரத்தில், அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் (புரதத்தை உருவாக்கும் கூறுகளில் ஒன்று) முட்டையில் தாராளமாக இருப்பதால், சோற்றுடன் உண்ணும்போது அந்த 6 கிராம் தன் அளவை மிஞ்சிய பயனைத் தருகிறது.

முட்டையைச் சேர்க்கும்போது எதைக் குறைக்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வழக்கமான சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் ஆம்லெட்டைப் போட்டுக்கொள்வதைவிட, ஒரு கரண்டி சோற்றையோ ஓர் இட்லியையோ குறைத்து அந்த இடத்தில் அவித்த முட்டையை வைப்பது நல்லது. அவித்த முட்டை ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 75 கலோரிதான். அதையே எண்ணெய் மிதக்கப் பொரித்தால் அந்தக் கணக்கு மாறிவிடும். கொத்து பரோட்டாவிலும் முட்டை இருக்கிறதே என்று சொல்வோர் உண்டு. அதில் முட்டையைவிட மைதாவும் எண்ணெயுமே மிகுதி என்பதால் இந்தக் கட்டுரை அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மஞ்சள் கருவை எடுத்து எறிந்துவிட்டு வெள்ளைக் கருவை மட்டும் உண்ணும் பழக்கம், உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. கொலஸ்ட்ரால் முழுவதும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது என்பது உண்மை; ஒரு முட்டைக்குச் சுமார் 190 மில்லிகிராம் வரும். ஆனால் முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கும், வைட்டமின் ஏ, டி ஆகியவையும், பி12இன் பெரும்பகுதியும், மூளைக்கும் கருவிலுள்ள குழந்தையின் வளர்ச்சிக்கும் வேண்டிய கோலினும், விழித்திரைக்கு உதவும் லூட்டினும் அதே மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. நம் உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்துகொள்கிறது. பெரும்பாலானோருக்கு இரத்தத்தில் கெட்ட கொழுப்பை உயர்த்துவதில் முட்டையைவிட நெய், வனஸ்பதி, பாமாயில் போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்புக்கே பெரிய பங்கு உண்டு. எனவே உடல்நலத்துடன் இருக்கும் ஒருவர் நாளுக்கு ஒரு முழு முட்டையை அச்சமின்றி உண்ணலாம். நீரிழிவு, இதய நோய், பரம்பரையாக இரத்தத்தில் வரும் மிகைக் கொலஸ்ட்ரால் ஆகியவை உள்ளவர்களும், புரதத்தை அளந்து உண்ண வேண்டிய சிறுநீரக நோயாளிகளும் எத்தனை முட்டை என்பதை மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

முட்டையில் நார்ச்சத்தும் வைட்டமின் சியும் அறவே இல்லை. அதிலுள்ள இரும்புச்சத்தும் உடலில் எளிதில் சேர்வதில்லை. மஞ்சள் கருவிலுள்ள பாஸ்விட்டின் என்னும் புரதம் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது. இரத்தசோகைக்கு முட்டையை மட்டும் நம்புவது பயன் தராது என்பதற்குக் காரணம் இதுதான். இந்தக் குறைகளைக் காய்கறியும் பழமுமே ஈடுசெய்ய வேண்டும். அதற்கு நம் சமையலில் ஏற்கெனவே உள்ள நல்ல வழி முருங்கைக்கீரை முட்டைப் பொரியல். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்து, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் வதக்கி, ஆய்ந்து கழுவிய கீரையைப் போட்டு, கையால் நீர் தெளித்து மூடி வேகவிட வேண்டும். கீரை வெந்து நீர் வற்றியதும் அதை ஓரமாக ஒதுக்கி, வாணலியின் நடுவில் இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றி, உப்பும் மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் சேர்த்து, ஈரப் பளபளப்பு மறைந்து முட்டை உதிரியாகும் வரை கிளறிப் பின் கீரையுடன் கலக்க வேண்டும். கீரையிலுள்ள கரோட்டீன் உடலில் சேர மஞ்சள் கருவின் கொழுப்பு துணை செய்கிறது. இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழிந்தாலோ, கூடவே ஒரு நெல்லிக்காய் தின்றாலோ இரும்புச்சத்து சேர்வதும் கூடும். தேநீரையும் காபியையும் ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது நலம்.

சமைக்கும் பதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூப்பெய்திய பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம். அந்த வயதில் சத்தான உணவு வேண்டும் என்ற நோக்கம் மிகச் சரியானது. ஆனால் பச்சை முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் செரிக்கிறது. சமைத்த முட்டையிலோ பத்தில் ஒன்பது பங்கு செரிக்கிறது. மேலும், வேகாத வெள்ளைக் கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம், பயோட்டின் என்னும் வைட்டமினைக் கட்டிப்போடுகிறது. சால்மோனெல்லா கிருமியின் அபாயமும் உண்டு. அதே முட்டையை அவித்து உளுந்தங்களியுடன் கொடுத்தால் வழக்கமும் நிற்கும், சத்தும் முழுமையாகச் சேரும். ஆஃப்பாயிலையும் கலக்கியையும் விரும்புவோர் பலர். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் முதியோரும் அவற்றைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அவிக்கும்போது தண்ணீர் கொதித்த பின் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்ற வேண்டும். அதற்கு மேல் கொதித்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிற வளையம் தோன்றும். அது இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டாவது. கெடுதல் இல்லை, சுவைதான் சற்றுக் குறையும்.

நாட்டுக்கோழி முட்டைக்கு அதிக விலை கொடுத்தால்தான் சத்து கிடைக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தையும், மஞ்சள் கருவின் நிறம் அது தின்ற தீனியையும் பொறுத்தவை. நாமக்கல் பண்ணை முட்டையிலும் புரதம் ஏறக்குறைய அதே அளவுதான். தமிழகத்தில் சத்துணவில் 1989இல் இரு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 2010 முதல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. பள்ளியில் அதைச் சாப்பிடும் பிள்ளைக்கு அன்று இரவு வீட்டில் சுண்டலோ மீனோ கொடுத்து உணவை மாற்றலாம்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு நன்றாக வெந்த முட்டையை மசித்து, முதல் நாள் கால் தேக்கரண்டி மட்டும், வேறு புதிய உணவு எதையும் கலக்காமல், பகல் நேரத்தில் கொடுக்க வேண்டும். தடிப்பு, வாந்தி, உதட்டு வீக்கம் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் சற்றும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எதுவும் தோன்றாவிட்டால் அடுத்தடுத்த நாள்களில் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.